மேடையில் தாளைப் பார்த்துப் படிக்கலாமா? பக்கத்து வீட்டு நகைச்சுவைக் கவிஞருக்காக ஒரு கேள்வி

பீல்வீதி | 28 ஜனவரி 2025, இரவு 9.40

வணக்கம் நண்பர்களே. ஆஸ்திரேலியாவின் டாம்வொர்த்தில் கன்ட்ரி மியூசிக் விழா முடிந்து, பீல் வீதியில் வைத்த தடுப்புகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து நாள் பாட்டுச் சத்தத்துக்குப் பிறகு ஊர் அடங்கிவிட்டது. எனக்குத்தான் மனசு அடங்கவில்லை.

என் பக்கத்து வீட்டுக்காரருக்கு வயது 74. இளவயதில் ஆட்டுக் கொட்டகைகளில் உரோமம் கத்தரித்தவர். முதுகு போனபின் கிதாரைக் கையில் எடுத்தார். நாற்பது வருடமாக அதுவே பிழைப்பு. சிரிப்புப் பாட்டு, நடுவில் ஒரு கதை, பிறகு எட்டு நிமிடம் ஓடும் ஒரு கவிதை, மறுபடி பாட்டு. இப்படிப்பட்டவர்களை இங்கே 'புஷ் கவிஞர்' என்பார்கள். உள்நாட்டுச் சிற்றூர்களில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. சிட்னியில் யாருக்கும் தெரியாது. நாங்கள் குடிவந்த வாரமே ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்து கதவைத் தட்டியவர். ஒன்பது வருடப் பழக்கம். இங்கே அவரைப் 'பெரியவர்' என்றே எழுதுகிறேன்.

இந்த விழாவில் ஒரு காலைக் கவிதை நிகழ்ச்சி. ஒரு ஹோட்டல் முற்றம், எட்டு மணி வெயில், தட்டில் முட்டையும் பேக்கனுமாக இருநூறு பேர். வங்கி மேலாளரை ஆட்டுக்கடா துரத்துகிற அவருடைய பழைய கவிதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். முக்கால்வாசி தாண்டியபின் ஒரு வரி வரவில்லை. ஐந்து நொடி இருக்கும். முன்வரிசைப் பாட்டி ஒருவர் அந்த வரியை எடுத்துக் கொடுத்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்றுதான் பலர் நினைத்தார்கள். ஒலிபெருக்கிப் பக்கத்தில் நின்ற எனக்கு அவர் கை நடுங்கியது தெரிந்தது.

வீடு திரும்பும்போது கேட்டார், "இனிமேல் தாளை வைத்துக்கொள்ளட்டுமா, மேட்?" எனக்குப் பதில் வரவில்லை. மேடை அனுபவம் உள்ளவர்கள் இங்கே இருக்கிறீர்கள். என்ன சொல்லலாம்?

---

மணல்மேடு | 28 ஜனவரி, இரவு 10.15

அண்ணா, நான் மெல்பேர்னுக்கு வந்து எட்டு மாதம்தான். புஷ் கவிஞர் என்றால் காட்டைப் பற்றி எழுதுபவரா? இதை முழுநேரத் தொழிலாகச் செய்து சாப்பிட முடியுமா? உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

---

டப்போ_டீச்சர் | 28 ஜனவரி, இரவு 11.02

@மணல்மேடு, இங்கே 'புஷ்' என்பது மரங்கள் அடர்ந்த காடு மட்டும் இல்லை தம்பி. நகரத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் மேய்ச்சல் நிலம், கோதுமை வயல், செம்மண் வெளி எல்லாமே புஷ்தான்.

உங்கள் பையில் பத்து டாலர் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பாஞ்சோ பேட்டர்சன், மறுபக்கம் மேரி கில்மோர். இரண்டு பேருமே கவிஞர்கள். பனியாற்றுக் குதிரைவீரனைப் பற்றிப் பேட்டர்சன் 1890இல் எழுதிய கவிதையின் வரிகள், பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரிகிற அளவில் அந்த நோட்டிலேயே அச்சாகியிருக்கின்றன. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டும்போதெல்லாம் எனக்கே சிலிர்க்கும்.

பிழைப்பு பற்றிக் கேட்டீர்கள். இந்த மரபே பிழைப்பில்தான் கால் ஊன்றியது. 1892இல் பேட்டர்சனும் ஹென்றி லாசனும் சிட்னியின் 'புல்லட்டின்' வார இதழில் கவிதையாலேயே சண்டை போட்டார்கள். புஷ் வாழ்க்கை அழகு என்றார் பேட்டர்சன். வறட்சியும் ஈயும் தனிமையும்தான் அங்கே இருக்கின்றன என்றார் லாசன். இரண்டு பேருக்கும் பணம் தேவை, எதிரெதிராக எழுதினால் இருவருக்கும் வரும்படி கிடைக்கும் என்று லாசன்தான் யோசனை சொன்னாராம். பேட்டர்சன் பிற்காலத்தில் இதை எழுதிவைத்திருக்கிறார். பேட்டர்சன் வழக்கறிஞர், அவருக்குப் பெரிய நெருக்கடி இல்லை. லாசனுக்குக் காது கேட்காது, கையில் காசும் இல்லை. அதே வருடம் புல்லட்டின் ஆசிரியர் ஆர்ச்சிபால்ட் ஐந்து பவுண்டும் ரயில் டிக்கெட்டும் கொடுத்து அவரை பர்க் ஊருக்கு அனுப்பினார். அங்கிருந்து குயின்ஸ்லாந்து எல்லையில் உள்ள ஹங்கர்ஃபோர்டு வரை லாசன் நடந்தே போனார். அந்த நடையில் கண்டது பிறகு அவர் எழுதிய பலவற்றுக்கு அடிப்படை.

---

வெண்பாப்பிரியன் | 29 ஜனவரி, காலை 6.50

பெரியவர்மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன். தாளைப் பார்த்துப் படிக்கட்டும். அதில் ஒரு குறைவும் இல்லை. உலகத்தில் பெரிய கவிஞர்களெல்லாம் புத்தகத்தைத் திறந்து வைத்துத்தான் வாசிக்கிறார்கள்.

இன்னொன்றும் மனதில் பட்டது. நான் டூவூம்பாவில் இருந்தபோது இப்படிப்பட்ட இரண்டு நிகழ்ச்சிகளுக்குப் போயிருக்கிறேன். ஒரே தாளக்கட்டு, வரிக்கு வரி முடிவில் ஒரே ஒலி, கடைசியில் ஒரு சிரிப்பு. பொழுது நன்றாகப் போனது. கவிதை என்று ஏற்கத்தான் எனக்கு மனம் வரவில்லை. பேட்டர்சனோடு இதைச் சேர்த்து வைப்பது நியாயமா?

---

கம்பிக்காரன் | 29 ஜனவரி, காலை 8.30

@வெண்பாப்பிரியன், நான் பத்து வருடமாகக் கன்ட்ரி குழுக்களுக்கு கிதார் வாசிக்கிறேன். நகைச்சுவைக் கலைஞர்களுக்குப் பின்னாலும் நின்றிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

நம் யாப்பில் எதுகை வரியின் தொடக்கத்தில் வரும். இவர்கள் கட்டுவது இயைபு. ஒலி வரியின் கடைசியில் ஒன்றும். அதனால் கேட்பவன் காது வரி முடியும் இடத்தில் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும். நல்ல நகைச்சுவைக் கவிஞர் அந்தக் காத்திருப்பில்தான் வேலை செய்கிறார். எதிர்பார்த்த சொல்லை அரை நொடி தள்ளிப்போடுவார். வராது என்று நினைக்கும்போது வேறொரு சொல் வந்து விழும். தாளக்கட்டு அசையாமல் இருந்தால்தான் அது நடக்கும். ஒரு அசை கூடினாலும் சிரிப்பு செத்துவிடும். ஒரே தாளம் என்கிறீர்களே, அந்த ஒரே தாளம்தான் கருவியே.

தாள் கூடாது என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம். சோகக் கவிதையைத் தாளைப் பார்த்து வாசிக்கலாம், கூட்டம் காத்திருக்கும். சிரிப்புக் கவிதையில் கண் கூட்டத்தின்மேல் இருக்கவேண்டும். எந்த மேசை முன்னாலேயே சிரிக்கிறது, எங்கே தட்டுச் சத்தம் கேட்கிறது, எத்தனை நொடி நிறுத்தலாம் என்பதெல்லாம் கண்ணால் எடுக்கிற கணக்கு. தலை தாளுக்குக் குனிந்த நொடியில் அது அறுந்துபோகும்.

சாட் மார்கன் என்ற சிரிப்புப் பாட்டுக்காரர் இந்தப் புத்தாண்டு அன்று 91 வயதில் காலமானார். 1952இல் முதல் இசைத்தட்டு வந்ததிலிருந்து எழுபது வருடத்துக்கு மேல் மேடை. துருத்திய பல்லும் நசுங்கிய தொப்பியுமாக அவர் வந்து நின்றாலே ஜனம் சிரிக்கும். 'கன்ட்ரி இசையின் கோமாளி இளவரசர்' என்றே அவரை அழைத்தார்கள். அவருடைய பழைய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். சொல் ஒவ்வொன்றும் தாளத்தில் உட்கார்ந்திருக்கும் சுத்தத்தைப் பல தீவிரப் பாடகர்களிடம் நான் கேட்டதில்லை. பல்லைப் பார்த்தார்களே தவிர அந்தச் சுத்தத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. எனக்கு அது ஆறாத வருத்தம்.

---

லோங்ரீச்_தாதி | 29 ஜனவரி, பிற்பகல் 2.20

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இப்ப குயின்ஸ்லாந்தின்ர நடுவில லோங்ரீச்சில தாதியா இருக்கிறன்.

முதல்ல தாள் கதையை விடுங்கோ அண்ணை. உவர் மேடையில மட்டும்தான் மறக்கிறாரா, வீட்டிலயும் மறக்கிறாரா? சாவி, அடுப்பு, ஆக்களின்ர பேர்? புதுசா ஏதும் குளிசை தொடங்கினவரோ? சளிக்கும் தும்மலுக்கும் எடுக்கிற சில குளிசை வயசான ஆக்களுக்குத் தலையை மந்தமாக்கும். நித்திரை எப்பிடி? காது கேக்குதா? குடும்ப டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போய் ஒருக்கா இரத்தம் சோதிச்சுப் பாருங்கோ. பிறகு தாளைப் பற்றிக் கதைப்பம்.

@வெண்பாப்பிரியன் ஐயாவுக்கும் ஒண்டு சொல்லவேணும். இஞ்ச வறட்சி எண்டால் ஒரு வருசத்தோட முடியாது. மாட்டை வித்து, வித்து, கடைசியில வளவில ஒண்டும் இல்லாமல் நிக்கிற ஆக்களை நான் பார்த்திருக்கிறன். ஆஸ்பத்திரிக்கு வந்து "நெஞ்சு நோகுது" எண்டு மட்டும் சொல்லுவினம். வேற ஒண்டும் வாயில வராது.

மரே ஹார்ட்டின் எண்டொரு கவிஞர். விமானம் குலுங்கேக்க இருக்கையைக் காளை எண்டு நினைச்சுச் சவாரி செய்யிற ரோடியோக்காரனைப் பற்றி எழுதி நாட்டையே சிரிக்க வச்சவர். அதே மனுசன் 2007இல 'ரெயின் ஃப்ரம் நோவேர்' எழுதினார். வறட்சியில உயிரை விட முடிவெடுத்த ஒரு விவசாயிக்குத் தகப்பனிட்ட இருந்து கடிதம் வருது, நானும் இந்த இடத்தில நிண்டவன்தான் எண்டு. நான் அதைக் கேட்டது ஒரு கரவன் பார்க்கில, காரில இழுத்துக்கொண்டு வாற வண்டி வீட்டோட ஆக்கள் தங்கிற இடத்தில. சொன்னவர் அதுக்கு முதல் அரை மணித்தியாலம் எங்களைச் சிரிக்க வச்சுக்கொண்டிருந்தவர். கூட்டத்தில ஒரு பெரிய ஆம்பிளை தொப்பியைக் கழட்டி முகத்தை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு தானா வந்து என்னோட கதைச்சார். நாங்கள் ஒட்டின சுவரொட்டி ஒண்டும் அவரைக் கதைக்க வைக்கேல்லை. அந்தக் கவிதை கதைக்க வச்சது. சிரிக்க வச்ச ஆளிட்டத்தான் சனம் அழவும் துணியும். எனக்கு அது கவிதைதான்.

(ஆருக்காவது மனம் தாங்கேலாமல் இருந்தால் லைஃப்லைன் 13 11 14. எந்த நேரமும் எடுக்கலாம்.)

---

பீல்வீதி | 29 ஜனவரி, இரவு 8.45

@லோங்ரீச்_தாதி, நன்றி தங்கச்சி. நீங்கள் கேட்டபிறகுதான் யோசித்துப் பார்த்தேன். வீட்டில் மறதி இல்லை. என் பிள்ளைகளின் பரீட்சைத் தேதிகூட அவருக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் தும்மலுக்கு மாத்திரை போடுகிறார். இந்த மாதம் முழுக்கத் தினமும் போட்டாராம். டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். இன்னொன்று, மறந்துபோன நாளுக்கு முந்தைய இரவு தெற்கே ஒரு கிளப்பில் பாடிவிட்டு நானூறு கிலோமீட்டர் தனியாக ஓட்டி வந்திருக்கிறார்.

@மணல்மேடு, சாப்பிட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முழுசாக ஒரே இடத்திலிருந்து பணம் வராது. ஜனவரியில் டாம்வொர்த். ஏப்ரலுக்குப் பிறகு குளிருக்குப் பயந்து ஓய்வுபெற்றவர்கள் கரவனை இழுத்துக்கொண்டு வடக்கே போவார்கள். 'கிரே நோமாட்ஸ்' என்று பெயர். அவர்கள் பின்னாலேயே இவரும் போவார். கரவன் பார்க்கில் மின்சாரத்தோடு தங்க இடம் இலவசம், மாலையில் தீ மூட்டிய இடத்தில் ஒரு மணி நேர நிகழ்ச்சி, முடிந்ததும் காசு போடத் தொப்பி சுற்றி வரும். ஆகஸ்டில் கிம்பி மஸ்டர், கமுவீல் மாட்டோட்டிகள் விழா மாதிரிப் பெரிய கூட்டங்கள். நடுவில் ஆர்எஸ்எல் என்கிற முன்னாள் படைவீரர் கிளப், பள்ளிக்கூடம், முதியோர் இல்லம். பழைய நாளில் சிடி விற்றே பெட்ரோலுக்குப் பணம் வந்துவிடுமாம். இப்போது கார்களில் சிடி போட இடமே இல்லை. கவிதைப் புத்தகமும், பீர் கேன் சூடாகாமல் இருக்கப் போடுகிற உறையும்தான் விற்கின்றன.

சொந்தப் பாட்டை எங்கே பாடினாலும் அந்தப் பட்டியலை ஆப்ரா அமைப்புக்கு அனுப்பினால் உரிமைத்தொகை வரும். அந்தப் படிவம் நிரப்புவது என் வேலை. வருடத்துக்கு நூறு நிகழ்ச்சிக்கு மேல் எழுதுகிறேன். அந்தி சாய்ந்தபின் கங்காரு குறுக்கே வரும் என்பதால் நாலரை மணிக்கெல்லாம் வண்டியை நிறுத்திவிடுவது அவர் வழக்கம். நாற்பது வருடம் காப்பாற்றிய அந்த வழக்கத்தை இந்த முறை பணத்துக்காக மீறிவிட்டார். எனக்கு அது முன்பே தெரிந்திருந்தால் நானே போய் ஓட்டி வந்திருப்பேன்.

---

வெண்பாப்பிரியன் | 30 ஜனவரி, காலை 7.10

@லோங்ரீச்_தாதி எழுதியதை இரண்டு முறை படித்தேன் அம்மா. 'ரெயின் ஃப்ரம் நோவேர்' பதிவையும் தேடிக் கேட்டேன். அது கவிதை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நான் பார்த்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் மனைவியையும் மாமியாரையும் மட்டம்தட்டும் பேச்சு நிறைய. ஒன்றில் பூர்வகுடி மக்களைப் பற்றிய ஒரு துணுக்கும் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், எனக்கு உடம்பு கூசியது. நானும் இந்த நாட்டில் நிறத்தால் வேறானவன்தானே. மரபு என்றால் அதையும் சேர்த்துத் தூக்கவேண்டுமா?

---

டப்போ_டீச்சர் | 30 ஜனவரி, மாலை 5.30

நியாயமான கேள்வி ஐயா. அப்படிப்பட்ட துணுக்குகள் பழைய மேடைகளில் நிறையவே இருந்தன. அதற்குச் சமாதானம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் மரபு அவர்களுடையது மட்டும் இல்லை. கன்ட்ரி இசைக்காக டாம்வொர்த்தில் தரும் கோல்டன் கிதார் விருதை 1973இல் முதலில் வென்றவர் ஒரு பெண். ஜாய் மக்கீன். லாரி ஓட்டுநரைப் பற்றி அவர் எழுதிய பாட்டை அவர் கணவர் ஸ்லிம் டஸ்டி பாடினார். ஜிம்மி லிட்டில், டிராய் காசர் டேலி போன்ற பூர்வகுடிப் பாடகர்கள் இல்லாமல் ஆஸ்திரேலியக் கன்ட்ரி இசையின் கதையை யாரும் எழுத முடியாது.

நல்ல புஷ் நகைச்சுவை யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் வறட்சி, வங்கி, ஈ, பழுதான பம்பு. 1972இல் ஸ்லிம் நியூட்டன் பாடிப் புகழ்பெற்ற பாட்டு, கொல்லைப்புறக் கழிப்பறையில் உட்காரும் இடத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிவப்புமுதுகுச் சிலந்தியைப் பற்றியது. சிட்னிக்காரருக்கு அது வேடிக்கை. எங்கள் பக்கத்தில் அது தினசரிப் பயம்.

பீர் தீர்ந்துபோன மதுக்கடை பற்றிய ஸ்லிம் டஸ்டியின் 1957 பாட்டின் வேரும் ஒரு கவிதைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்காம் ஊரில் டான் ஷீஹன் என்ற கரும்பு விவசாயி மதுக்கடைக்குப் போனார். முந்தைய இரவு அமெரிக்கச் சிப்பாய்கள் வந்து பீர் முழுவதையும் குடித்துத் தீர்த்திருந்தார்கள். ஒரு கோப்பை ஒயினோடு உட்கார்ந்து அவர் எழுதிய கவிதையைப் பிறகு கார்டன் பார்சன்ஸ் பாட்டாக மாற்றினார். முதலில் அது இசைத்தட்டின் மறுபக்கத்துக்காகப் பதிவானது. அந்த மறுபக்கம்தான் கடல் தாண்டிப் பிரிட்டன் வரை போனது. 2003இல் ஸ்லிம் டஸ்டி இறந்தபோது அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடந்தது. அவர் பெயரைச் சொன்னதும் இன்றும் ஜனத்துக்கு முதலில் நினைவு வருவது அந்தச் சிரிப்புப் பாட்டு. பெரியவரிடம் இதைச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும், இருந்தாலும் சொல்லுங்கள்.

---

கம்பிக்காரன் | 30 ஜனவரி, இரவு 10.05

@பீல்வீதி, ஒரு செய்முறை யோசனை. பாட்டு வரி அவருக்கு மறப்பதில்லைதானே? விரல் கம்பியில் போகும்போது சொல் தானாக வரும். கவிதைக்கும் கிதாரை இறக்கவேண்டாம். ஒரே ஸ்வரத்தைக் கட்டைவிரலால் மெதுவாக மீட்டிக்கொண்டே சொல்லட்டும். தாளம் நிற்காதவரை அடுத்த வரி அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். சொல் நின்றாலும் விரல் ஓடிக்கொண்டிருக்கும், கூட்டம் அதை நிறுத்தம் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

கிதார் தொந்தரவு என்றால் லாகர்ஃபோன் இருக்கிறது. தடி முழுக்க பீர் மூடிகளை ஆணியடித்துத் தரையில் குத்துவார்களே, அதுதான்.

---

மணல்மேடு | 31 ஜனவரி, காலை 9.00

இவ்வளவு எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு பத்து டாலர் நோட்டை எடுத்துப் பார்த்தேன். கைபேசி கேமராவைப் பெரிதாக்கியபோது எழுத்துகள் தெரிந்தன. @பீல்வீதி அண்ணா, பெரியவர் எப்படி இருக்கிறார் என்று மறக்காமல் எழுதுங்கள்.

---

பீல்வீதி | 16 பிப்ரவரி, இரவு 9.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். டாக்டர் பார்த்தார். இரத்தத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. தும்மல் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார், ஆறு மாதம் கழித்து ஞாபகசக்திப் பரிசோதனைக்கு மறுபடி வரச் சொன்னார். காதுகேள் கருவி தேவை என்றும் சொன்னார். நாற்பது வருடம் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்ற காது. கருவிக்கு இன்னும் சம்மதிக்கவில்லை.

உங்கள் பதிவுகளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னேன். வராந்தாவில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். சாட் மார்கனின் தாளச் சுத்தத்தைப் பற்றிக் கம்பிக்காரன் எழுதியதை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். தன் இருபது வயதில் ஒரு கண்காட்சித் திடலில் மார்கன் பாடியதைக் கேட்டாராம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

கிதாரை மீட்டிக்கொண்டே சொல்வதை முதலில் மறுத்தார். "கவிதை என்றால் கை காலியாக இருக்கவேண்டும்" என்றார். மூன்றாம் நாள் காலை சத்தம் கேட்டு வேலிப் பக்கம் போனேன். கொல்லையில் ஆட்டுக்கடாக் கவிதையைக் கட்டைவிரல் தாளத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வரியை இரண்டு தடவை தாண்டிவிட்டார். மூன்றாம் தடவை நின்றது. விரல் நிற்கவில்லை. நாலு சுற்று மீட்டியபின் வரி வந்தது.

தாள் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். மேடைக்கு எடுத்துப்போகமாட்டார். நான் ஒலிபெருக்கி பக்கத்தில் தாளோடு நிற்பேன். வரி வராவிட்டால் என்னைப் பார்ப்பார், நான் முதல் சொல்லைச் சொல்வேன். என் உச்சரிப்பில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கூட்டம் சிரித்தாலும் பரவாயில்லை, சிரிப்பு சிரிப்புதான் என்றார். எனக்கும் சம்மதமே. நாற்பத்திரண்டு கவிதைகளை அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிறேன். பதினேழு முடிந்திருக்கிறது. அவற்றில் பாதிக்கு இதுவரை எழுத்துவடிவமே கிடையாது.

ஏப்ரல் கடைசியில் வடக்கே புறப்படுகிறார். முதல் இரண்டு வாரம் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வண்டி ஓட்டப் போகிறேன். @லோங்ரீச்_தாதி, உங்கள் ஊர் வழியாகத்தான் போவோம். நாலரை மணிக்குள் வந்து சேர்ந்துவிடுவோம்.

---

லோங்ரீச்_தாதி | 16 பிப்ரவரி, இரவு 9.50

வாங்கோ அண்ணை. சாப்பாடு எங்கட வீட்டில. உவருக்கு உறைப்பு ஏலுமோ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ.